நிகர எடை

பிறை ஆற்று வாயில் எங்கள் யார்டு.
ஒரே வாசல்.
வருவதும் போவதும்
என் சன்னலுக்குக் கீழே கிடக்கும்
பதினெட்டு மீட்டர் இரும்புத் தகட்டின் மேல்தான்.
நான் எடைக் கிராணி.
நிறைந்த லோரியிலிருந்து வெறும் லோரியைக் கழித்தால்
வருவது சரக்கு.
பத்து வருடமாக இந்த ஒரே கணக்கு.
இருபது கிலோவுக்குக் குறைந்ததை
என் இயந்திரம் மதிக்காது.

சேற்றில் மூக்கை நட்டு நிற்கிறது கப்பல்.
பெயரைச் சுரண்டிவிட்டார்கள்,
'மாரு' என்ற வால் மட்டும் மிச்சம்.
ஊர்க்காவலன் அதை மாரி என்றுதான் படித்தான்.
முதல் வெட்டுக்கு முன்
கேஸ் கட்டரிலேயே சூடம் பற்றவைத்தான்.
ஷொஹிதுல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.
தெட் நாயிங் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டான்.

கப்பலின் சமையலறையில்
ஒரு ரைஸ் குக்கர் கிடைத்தது. வேலை செய்தது.
குழாய்களைச் சுற்றியிருந்த வெள்ளைப் பஞ்சை உரித்து
மெத்தைக்குள் திணித்துக்கொண்டார்கள்.
அது நெஞ்சுக்கு ஆகாது என்றேன்.
"மெத்துனு இருக்குக்கா" என்றான் ஊர்க்காவலன்.

டன்னுக்கு முப்பது வெள்ளி,
பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து.
அதனால்
வெறும் லோரி உள்ளே வரும்போது ஓட்டுநர் மட்டும்.
நிறைந்து திரும்பும்போது
அவர் பக்கத்தில் மடிமேல் மடியாக மூன்று பேர்.
தகட்டின் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நேரே பார்ப்பார்கள்,
மூச்சுக்கும் எடை உண்டு என்பதுபோல.
வாசல் தாண்டியதும் இறங்கி நடந்து திரும்புவார்கள்.
நூற்று எண்பது கிலோ.
ஐந்து வெள்ளி நாற்பது காசு.
நான் பார்த்ததில்லை. அதாவது,
தினமும் பார்த்தேன்.

உருக்காலையில் போட்டால் எப்போதும் குறைகிறதே என்பார் தவுக்கே.
துரு, வழியில் உதிர்ந்திருக்கும், என்பேன்.

செவ்வாய்க்கிழமை, இன்னும் வெளுக்கவில்லை.
நான் பசியாறிக்கொண்டிருந்தபோது
இமிகிரேசன் லோரி தகட்டின் மேல் ஏறியது.
இயந்திரத்தை நான் அணைப்பதில்லை.
5,860.

பெர்மிட்டில் செம்பனைத் தோட்டம் என்று இருந்தது.
கையில் கட்டரும் காலடியில் கப்பலும் இருந்தன.
பாஸ்போர்ட்டுகள் என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில்.
சாவி தவுக்கேயிடம். அவர் போனை எடுக்கவில்லை.
இன்னொரு சாவி என் கைப்பையில் இருந்தது.
பாஸ்போர்ட் கொடுத்தாலும் பெர்மிட் செம்பனைதானே
என்று சொல்லிக்கொண்டேன்.
இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பும்போது
6,580.
பின்பக்கக் கம்பிவலையில் விரல்கள்.
யார் விரல் என்று தெரியவில்லை,
எல்லாம் ஒரே கரி.

இயந்திரம் கழித்துக்கொடுத்தது: 720.
ஆளுக்கு அறுபது, காலணியோடு.
சிலருக்குக் காலணி இல்லை.
சரக்கின் வகை?
என்று கேட்டு மினுக்கிக்கொண்டே இருந்தது திரை.
ஒன்று இரும்பு. இரண்டு செம்பு. மூன்று பித்தளை.
பதில் சொல்லாமல்
அடுத்த வண்டியை அது எடுக்காது.
பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர் லோரி ஹாரன் அடித்தது.
நான்கை அழுத்தினேன்.
இதர.
சீட்டு மூன்று பிரதிகளாக வந்தது.

கண்டெய்னருக்குள் குக்கர் இன்னும் சூடாக இருந்தது.
பன்னிரண்டு பேருக்கான சோறு
எவ்வளவு என்று அன்றுதான் பார்த்தேன்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.
மெத்தைகளைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை வேனில் எட்டுப் பேர் வந்தார்கள்.
இவர்களுடைய பெர்மிட்டில் உணவகம்.
லோரியோடு யாரும் ஏறுவதில்லை,
விஷயம் தெரியாது.
நான் இன்னும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் தவுக்கே
இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
முதல் முறையாக ஒத்துப்போகிறது என்று
எனக்கு ஒரு கோப்பி வரவழைத்தார்.
அப்புறம் கேட்டார்:
ஏன், இந்த மாதம் துரு உதிரவே இல்லையா?